அகதியாக ஏற்கப்பட்டுக் கனடா வருகிறவர்களுக்கு: புறப்படுவதற்கு முன்பிருந்து முதல் ஆண்டு முடியும் வரை

இலங்கையை விட்டு வெளியேறி, மலேசியாவிலோ தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்தபின், கனடா உங்களை ஏற்றுக்கொள்கிறது என்ற செய்தி வந்திருக்கும். அந்த நிமிடத்தில் இருந்தே ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா, லண்டனில் இருக்கும் மச்சாள், கூடப் படித்தவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஆலோசனை சொல்லத் தொடங்கியிருப்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே முன்பே வந்த எங்கள் ஆட்களில் மிகப் பலர் கனடா மண்ணில் கால் வைத்தபின் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள். விசாரணைக்குப் போய், வென்று, அதற்குப் பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தவர்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதே ஏற்கப்பட்டு, விமானத்தை விட்டு இறங்கும் நாளிலேயே நிரந்தர வதிவிடம் பெறப்போகிறவர்கள். கிடைக்கும் உதவி வேறு, கெடுத் தேதிகள் வேறு. சித்தப்பாவின் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் புதிதாக வரும் குடும்பங்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போய்வருகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். முதல் ஆண்டில் விடுகிற பெரும்பாலான பிழைகளைப் பிறகு திருத்திவிடலாம். பிழையான வீட்டை எடுத்தால் மாறலாம், பிழையான வேலைக்குப் போனால் விடலாம். ஆனால் மூன்று விஷயங்களில் தவறினால் மீள்வது மிகக் கடினம்: குடும்பத்தில் ஒருவரைச் சொல்லாமல் விடுவது, ஓராண்டுக் கெடுவைத் தவறவிடுவது, பழைய நாட்டின் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போவது. மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இந்த மூன்றையும் நிதானமாகப் படியுங்கள்.

மாகாணச் சட்டங்கள் வரும் இடங்களில் ஒன்ராறியோவை வைத்தே எழுதுகிறேன். எங்கள் ஆட்களில் அதிகம் பேர் வந்து சேருவது அங்கேதான்.

எந்த வழியில் வருகிறீர்கள்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அரசு உதவி பெறும் அகதி. பொதுவாக ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். பரிந்துரைத்து, கனடிய அரசே முதல் ஆண்டுச் செலவைப் பார்க்கும். இரண்டாவது, தனியார் ஸ்பொன்சர். ஒரு தேவாலயம், ஒரு சமூக அமைப்பு, அல்லது ஐந்து பேர் சேர்ந்த குழு உங்களைப் பொறுப்பெடுக்கும். இந்த ஏற்பாடு 1979இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகளுக்காகப் பெரிய அளவில் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. மூன்றாவது இரண்டும் கலந்தது. அரசு பாதி, ஸ்பொன்சர் பாதி.

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், முதல் 12 மாதம் உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பொறுப்பு யார் என்பது இதில்தான் இருக்கிறது. அரசு வழியில் வந்தவருக்கு மாதாந்தப் பணமும், வீடு தேடித்தரும் ஒரு நிறுவனமும் இருக்கும். தனியார் வழியில் வந்தவருக்கு அந்தப் பொறுப்பு ஸ்பொன்சருடையது. இது சட்டப்படி கையெழுத்திட்ட கடமை, அவர் விரும்பினால் செய்யும் உபகாரம் என்று நினைக்காதீர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பொன்சர் செய்வதற்காக உங்களிடம் முற்பணம் வாங்கவோ, வந்தபிறகு "செலவழித்த காசைத் திருப்பித் தா" என்று கேட்கவோ ஸ்பொன்சருக்கு அனுமதி இல்லை. உறவினர் என்றாலும் இதே விதிதான். அப்படிக் கேட்டால் கனடிய குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். அறிவித்தால் உங்கள் வதிவிடம் பறிபோகும் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். வதிவிடம் தருவதும் எடுப்பதும் ஸ்பொன்சரின் கையில் இல்லை.

குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் சொல்லுங்கள்

விண்ணப்பத்தில் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும். கூட வருகிறவர்கள் மட்டும் போதாது. ஊரில் அம்மாவோடு விட்டுவிட்டு வந்த பிள்ளை, பிரிந்து வாழும் மனைவி, முதல் திருமணத்துப் பிள்ளை, போரில் காணாமல் போய் இன்னும் தகவல் இல்லாத கணவன் எல்லோரையும் எழுத வேண்டும். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதுங்கள்.

எங்கள் ஆட்கள் இதில் ஏன் தவறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். "நிறையப் பேரைச் சொன்னால் கேஸ் இழுபடும்", "தனி ஆள் என்று சொன்னால் சீக்கிரம் எடுப்பார்கள்" என்று முகாமிலோ அறையிலோ யாராவது சொல்லியிருப்பார்கள். பதிவு செய்யாத திருமணத்தை எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் இருக்கும். ஆனால் விதி கடுமையானது. வதிவிடம் பெறும்போது நீங்கள் சொல்லாமல் மறைத்த, அதனால் அதிகாரிகள் பரிசோதிக்காத குடும்பத்தவரைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. சில காலங்களில் அரசு தற்காலிக விலக்குகள் தந்திருக்கிறது. அதை நம்பி ஒரு பிள்ளையின் பெயரை விடுவது மிகப் பெரிய ஆபத்து.

இடையில் மாற்றம் வந்தாலும் சொல்ல வேண்டும். நேர்முகம் முடிந்தபிறகு திருமணம் செய்தீர்களா, விசா வந்தபிறகு குழந்தை பிறந்ததா, விமானம் ஏறும் முன் விசா அலுவலகத்துக்கும், பயணத்தை ஏற்பாடு செய்யும் ஐ.ஓ.எம். என்ற சர்வதேசக் குடிபெயர்வு அமைப்புக்கும் அறிவியுங்கள். பயணம் தள்ளிப்போகும், மனம் உடைந்துபோகும். ஆனாலும் சொல்லிவிட்டுத் தாமதமாக வருவதே நல்லது.

உங்கள் வயிற்றில் பிறக்காத, ஆனால் நீங்கள்தான் வளர்க்கிற பிள்ளைகள் பற்றியும் சொல்லுங்கள். தாய் தகப்பனை இழந்த மருமகளையோ தம்பியையோ சொந்தப் பிள்ளை போல வைத்திருக்கிற குடும்பங்கள் எங்களிடம் ஏராளம். அவர்கள் பொருளாதார ரீதியாகவும் மன ரீதியாகவும் உங்களையே நம்பியிருக்கிறார்கள் என்பதை அதிகாரியிடம் விளக்கினால், சேர்த்துக்கொள்வதைப் பரிசீலிக்க இடம் உண்டு. கேட்காமல் விட்டால் அந்த இடமும் இல்லை.

ஓராண்டுக் கெடு

கூட வர முடியாமல்போன மனைவி, கணவன், தங்கி வாழும் பிள்ளைகளை அகதிப் பிரிவிலேயே அழைக்க ஒரு வசதி உண்டு. நீங்கள் வதிவிடம் பெற்ற நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் அவர்களுக்கான விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அவர்களுடைய பெயர் உங்கள் விண்ணப்பத்தில் ஏற்கனவே இருந்திருக்க வேண்டும். அப்பா, அம்மா, சகோதரங்கள் இதற்குள் வரமாட்டார்கள்.

ஒரு வருடம் நீண்ட காலம் போலத் தெரியும். வீடு தேடி, பள்ளிக்கூடம் சேர்த்து, குளிருக்குப் பழகி நிமிர்ந்து பார்க்கும்போது பத்து மாதம் போயிருக்கும். ஊரில் இருப்பவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அவற்றின் மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்க்கவே மாதங்கள் பிடிக்கும். அதனால் வந்த முதல் மாதத்திலேயே உங்கள் நிறுவனத்திடமோ ஸ்பொன்சரிடமோ, "என் மனைவிக்கு ஓராண்டு விண்ணப்பம் போட வேண்டும்" என்று சொல்லி வேலையைத் தொடங்குங்கள். கெடு தாண்டினால் சாதாரணக் குடும்ப ஸ்பொன்சர் வழிதான் மிஞ்சும். அதில் கட்டணமும் பொறுப்பும் அதிகம்.

பெயரும் பிறந்த தேதியும்

எங்கள் பெயர்முறை கனடிய படிவத்தில் பொருந்தாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். மனைவிக்குத் திருமணத்தின் பின் கணவன் பெயர். பிள்ளைக்கு அப்பாவின் சொந்தப் பெயர். இதனால் ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் வரும். அது பிரச்சினை இல்லை. ஒரே ஆளுடைய பெயர் ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருப்பதுதான் பிரச்சினை.

விமான நிலையத்தில் அதிகாரி வதிவிட உறுதித் தாளை உங்கள் முன் வைத்துக் கையெழுத்துக் கேட்பார். பதினாறு, இருபது மணிநேரம் பறந்து வந்திருப்பீர்கள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். பின்னால் வரிசை நிற்கும். இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் எடுத்து, பெயரை எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் பாருங்கள். சிவகுமாரின் ஆங்கில எழுத்துக்களில் ஒன்று விடுபட்டிருக்கிறதா? குடும்பப் பெயர்க் கட்டத்தில் சொந்தப் பெயர் போயிருக்கிறதா? நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா? பிழை இருந்தால் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள். சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவு, பிறகு குடியுரிமை எல்லாம் அந்தத் தாளில் உள்ள எழுத்துக்களையே பிரதி எடுக்கும். பின்னர் திருத்தலாம், ஆனால் அதற்கு விண்ணப்பம், ஆதாரம், நீண்ட காத்திருப்பு.

பயணம்

மருத்துவப் பரிசோதனை, விமானச் சீட்டு, பயணத் தாள் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஐ.ஓ.எம். ஏற்பாடு செய்யும். நீங்கள் இருக்கும் நாட்டில் இருந்து வெளியேறும் அனுமதியும் தேவைப்படலாம். அதுவும் கையில் வரும்வரை வேலையையோ அறையையோ விடாதீர்கள். அவர்கள் நடத்தும் அறிமுக வகுப்புக்கு அழைத்தால் குடும்பமாகப் போங்கள், பெரிய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

பலருக்கு விமானச் செலவு கடனாகத் தரப்படும். 2018இல் இருந்து இந்தக் கடனுக்கு வட்டி இல்லை. வந்து ஓராண்டு கழித்தே திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். கையெழுத்திடும் தாள் கடன் தாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளியாமல் எழுதி அறிவியுங்கள், தவணையைக் குறைப்பார்கள்.

ஐ.ஓ.எம். தரும் பிளாஸ்டிக் பையில்தான் உங்கள் தாள்கள் எல்லாம் இருக்கும். அதைப் பெட்டிக்குள் வைத்து ஏற்றிவிடக் கூடாது. வீடு சேரும்வரை கையில் இருக்கட்டும். அதனுடன் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாவற்றின் மூலப் பிரதியும் வேண்டும். ஒன்ராறியோவில் பள்ளிக்குத் தடுப்பூசி விவரம் கேட்பார்கள். அட்டை தொலைந்தால் பிள்ளை சில ஊசிகளைத் திரும்பப் போட வேண்டி வரலாம்.

தாலிக்கொடி, வளையல்கள் இருந்தால் படம் எடுத்து, பட்டியலிட்டு, சுங்கத்தில் சொல்லுங்கள். 10,000 டொலருக்குச் சமமான அல்லது அதற்கு மேற்பட்ட காசு இருந்தாலும் சொல்ல வேண்டும். கருவாடு, மிளகாய்த்தூள், விதைகள், மூலிகை எதுவானாலும் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை எடுத்துவிட்டால் பொருள் மட்டும்தான் போகும்; மறைத்துப் பிடிபட்டால் அபராதமும் சேரும்.

இறங்கிய முதல் வாரங்கள்

முதலில் சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம். ஒன்பது இலக்கம் கொண்ட இந்த எண் இல்லாமல் வேலையும் இல்லை, பிள்ளைப் பணமும் இல்லை. சேர்விஸ் கனடா அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். வேலை தருபவர், வங்கி, அரசு தவிர வேறு யாருக்கும் இதைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரருக்கு இது தேவையில்லை. "உன் சின் நம்பரில் நான் கொஞ்ச நாள் வேலை செய்கிறேன்" என்று கேட்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். வரியும் வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

அடுத்தது சுகாதாரம். ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டைக்கு சேர்விஸ் ஒன்ராறியோவில் விண்ணப்பிக்க வேண்டும். முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020இல் நீக்கப்பட்டுவிட்டது. அது வரும்வரையும், அது வந்தபின் மருந்து, பல், கண் போன்ற சிலவற்றுக்கும், அகதிகளுக்கான இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் துணை நிற்கும். அதற்கான தாள் உங்களிடம் இருக்கும். பல் வைத்தியரிடம் போகும் முன், "இந்தத் திட்டத்தை ஏற்கிறீர்களா, நான் ஏதாவது கட்ட வேண்டுமா" என்று போனில் கேளுங்கள். ஏற்காத இடத்தில் முழுத்தொகையும் கையில் இருந்து கட்ட நேரும். விதிகளும் அவ்வப்போது மாறும். குடும்ப வைத்தியர் கிடைப்பது இப்போது கடினம் என்பதால், வந்தவுடனே உங்கள் பகுதியில் உள்ள சமூக சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

மூன்று தொலைபேசி எண்கள் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். உயிர் ஆபத்து, தீ, பொலிஸ் என்றால் 911. வருத்தம் ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று நர்ஸிடம் கேட்க 811. வீடு, உணவு, சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்க 211. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் மத்திய அரசின் பிள்ளைப் பணத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். படிவத்தின் பெயர் ஆர்சி 66. புதிதாக வந்தவர்களுக்கு அதோடு ஓர் இணைப்பும் உண்டு. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான காலத்துக்கு, வருமானம் குறைந்த குடும்பத்தில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டொலர் வரையும், 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர் வரையும் கிடைக்கும். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாடகையில் ஒரு பெரும் பகுதி இது. விண்ணப்பம் பிந்தினால் அடுப்பெரிவதும் பிந்தும்.

பி.ஆர். கார்ட், அதாவது நிரந்தர வதிவிட அட்டை, தபாலில் வரும். வந்து 180 நாட்களுக்குள் உங்கள் நிலையான முகவரியைக் குடிவரவுத் திணைக்களத்துக்குக் கொடுக்காவிட்டால், கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டி வரும். பேஸ்மென்டில் (வீட்டின் நிலத்தடித் தளத்தில்) குடியிருப்பவர்கள் மேல்வீட்டுத் தபால் பெட்டியில் தங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அரசுக் கடிதம் தொலைந்துபோன கதைகளில் பாதிக்கு இந்தப் பெட்டிதான் காரணம்.

வீடு

முதல் ஆண்டில் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஒன்ராறியோச் சட்டப்படி வீட்டுக்காரர் முற்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். முதல் மாத வாடகையோடு சேர்த்து இரண்டு மாதக் காசு. சாவிக்கு அதன் உண்மையான விலையளவு வாங்கலாம். "நீங்கள் புதிது, கிரெடிட் (கடன் கட்டிய வரலாறு) இல்லை, ஆறு மாதக் காசை முன்கூட்டித் தாருங்கள்" என்று கட்டாயப்படுத்த முடியாது. அரசு உதவிப் பணத்தில் வாழ்கிறீர்கள் என்பதற்காக மறுப்பது மனித உரிமைச் சட்டப்படி பாகுபாடு.

காசாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தருவது வீட்டுக்காரரின் கடமை. 2018 ஏப்ரல் 30இல் இருந்து பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவம் உண்டு. அதில் எழுதச் சொல்லுங்கள். வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான், 90 நாள் முன் எழுத்தில் அறிவித்து உயர்த்தலாம். 2026க்கான உச்சவரம்பு 2.1 சதவீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு இந்த வரம்பு இல்லை. புதிதாகக் கட்டிமுடித்த பேஸ்மென்டும் அதில் அடங்கலாம் என்பதால், எப்போது கட்டியது என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

இன்னொன்று: வீட்டுக்காரரோடோ அவர் குடும்பத்தோடோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டிய ஏற்பாடு என்றால், இந்த வாடகைப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இல்லை. சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை எடுத்தால் பெரும்பாலும் இந்த நிலைதான். தற்காலிகமாக இருக்கலாம், அங்கேயே வேரூன்ற வேண்டாம்.

பேஸ்மென்ட் பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். படுக்கையறை ஜன்னல் திறக்கிறதா, தீ பிடித்தால் அதன் வழியாகப் பெரிய ஆள் ஒருவர் வெளியேற முடியுமா என்று பாருங்கள். புகை அலாரம், கார்பன் மொனொக்சைட் அலாரம் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து, பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்றும் சோதியுங்கள். சுவரின் அடியில் கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெப்பம், மின்சாரம், தண்ணீர் வாடகைக்குள் வருகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எந்தச் சண்டை வந்தாலும், வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வேண்டும், அதை நிறைவேற்றுபவர் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரி.

ஆங்கிலமும் வேலையும்

ஊரில் கடன் இருக்கும், அம்மாவுக்கு மருந்துக் காசு அனுப்ப வேண்டும், அதனால் வந்த இரண்டாம் வாரமே தொழிற்சாலை வேலைக்கு ஓடுகிறார்கள். அந்த நெருக்கடியை நான் குறைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் என் அபிப்பிராயம் இதுதான்: முதல் 12 மாத உதவிப் பணம் உங்கள் ஆங்கிலத்துக்காகத் தரப்படும் பணம் என்று எண்ணுங்கள். லிங்க் என்ற அரசு ஆங்கில வகுப்பு இலவசம். சில இடங்களில் குழந்தை பராமரிப்பும் உண்டு. மாலை வகுப்பும் உண்டு. குடியுரிமை பெற்றபின் இந்த வகுப்பில் சேர முடியாது. ஐந்தாறு வருடம் தமிழ் ஆட்கள் மட்டுமே உள்ள தொழிற்சாலை லைனில் நின்றவர்கள், பிறகு சேர நினைக்கும்போது கதவு மூடியிருப்பதைக் கண்டிருக்கிறேன். கணவன் வேலைக்கும் மனைவி வகுப்புக்கும் என்று முறை வைத்தாவது தொடங்குங்கள்.

ஒன்ராறியோவில் 2025 அக்டோபர் 1 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலர். ஏஜென்சி வழியாகப் போனால், 2024 ஜூலையில் இருந்து அந்த ஏஜென்சிக்கு மாகாண உரிமம் இருக்க வேண்டும். வேலை எடுத்துத் தருவதற்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. கைக்காசு வேலை இனிப்பாகத் தெரியும். கை வெட்டுப்பட்டாலோ வேலை போனாலோ நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று நிரூபிக்க எதுவும் இராது. உதவிப் பணம் வாங்கும் காலத்தில் சம்பாதித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், பிறகு திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் வரும்.

வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குக் கொடுங்கள், கணவனும் மனைவியும் இருவரும். கொடுக்காவிட்டால் பிள்ளைப் பணம் நின்றுவிடும். மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டத்துக்கும் வரிக் கணக்கு வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகச் செய்துதரும் முகாம்கள் மார்ச், ஏப்ரலில் பல சமூக நிலையங்களில் நடக்கும்.

காசு விஷயத்தில் இன்னும் கொஞ்சம். முதல் ஆண்டில் சீட்டுப் பிடிக்க வேண்டாம். மற்றவரின் கார்க் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்திட வேண்டாம். வரித் திணைக்களம், குடிவரவு, பொலிஸ் என்று சொல்லிப் போனில் மிரட்டி, கிஃப்ட் கார்ட் வாங்கி இலக்கம் சொல்லச் சொன்னால் அது கட்டாயம் மோசடி, போனை வையுங்கள்.

பிள்ளைகள், பெண்கள், மனம்

பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஆங்கிலம் கதைக்கத் தொடங்குவார்கள். உடனே அவர்களை வீட்டு மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். வங்கிக்குக் கூட்டிப் போவது சரி. தாயின் கர்ப்பப்பைப் பிரச்சினையையோ தகப்பன் தடுப்பில் பட்ட அடியையோ ஒன்பது வயதுப் பிள்ளை வைத்தியருக்குச் சொல்ல நேரக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பிள்ளையை அடிக்கும் பழக்கத்தை விமான நிலையத்தோடு விட்டுவிடுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று ஆசிரியர் சந்தேகித்தால், சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிப்பது அவருடைய சட்டக் கடமை. யாராவது வந்தால் பதறாமல், மறைக்காமல் கதையுங்கள். பெரும்பாலும் குடும்பத்துக்கு உதவி செய்வதில்தான் தொடங்குவார்கள்.

அக்கா, தங்கைமாருக்கு ஒன்று. உங்கள் நிரந்தர வதிவிடம் உங்களுடையது. கணவனை விட்டுப் பிரிந்தாலோ, அடித்ததற்குப் பொலிஸைக் கூப்பிட்டாலோ உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லி மிரட்டினால் அது பொய்.

போர், தடுப்பு, கடல் பயணம், ஆவணமில்லாமல் ஒளிந்து வாழ்ந்த காலம் இவை எல்லாம் பாதுகாப்பான இடத்துக்கு வந்தபிறகுதான் பலருக்கு மேலே கிளம்பும். நித்திரை வராது, கதவு தட்டினால் உடல் நடுங்கும், கோபம் வரும். இது பைத்தியம் இல்லை. ரொறன்ரோவில் சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கான கனடிய நிலையம் 1977இல் இருந்து இதற்காகவே வேலை செய்கிறது. அங்கே போவது உங்கள் வதிவிடத்தையோ வேலையையோ பாதிக்காது.

ஊருக்குப் போகும் ஆசை

பி.ஆர். கார்ட் கைக்கு வந்தபிறகு அம்மாவுக்குச் சுகமில்லை என்று போன் வரும், அல்லது தங்கையின் கல்யாணம் வரும். "இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடு, நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போய்வருகிறோம்" என்று சொல்வார்கள். சொல்பவர் கனடியக் குடிமகனாக இருப்பார். நீங்கள் இன்னும் இல்லை.

சட்டம் இதைப் பார்க்கும் விதம் இப்படி: ஒரு நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டவர், அதே நாட்டின் கடவுச்சீட்டை விரும்பி எடுத்தாலோ அங்கே திரும்பிப் போனாலோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று கருதலாம். அப்போது அகதி அந்தஸ்தை முடிவுக்குக் கொண்டுவர அரசு விண்ணப்பிக்கலாம். 2012 டிசம்பரில் இருந்து, அப்படி முடிவானால் நிரந்தர வதிவிடமும் கூடவே போய்விடும். வெளிநாட்டில் தெரிவாகி வந்தவர்களும் இந்த விதிக்குள் அடங்குவர். எத்தனை வருடம் இங்கே வரி கட்டினீர்கள், பிள்ளைகள் இங்கே பிறந்தார்களா என்பவை மட்டும் காப்பாற்றாது. 2022இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆளுக்கு விளைவு தெரிந்திருந்ததா, ஏன் போனார், அங்கே எப்படி நடந்துகொண்டார் என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் அது வழக்கில் வாதாட ஓர் இடம், போய்வர அனுமதி இல்லை.

ஆகவே, வேறு நாடுகளுக்குப் போக கனடா தரும் அகதிப் பயண ஆவணத்தை எடுங்கள். நீல அட்டையுடன் இருக்கும். நீங்கள் பயந்து வெளியேறிய நாட்டுக்கு அது செல்லாது, மற்ற நாடுகள் பலவற்றுக்கும் விசா கேட்பார்கள். அம்மாவை மூன்றாவது நாடு ஒன்றில் சந்திக்க முடியுமா என்று பாருங்கள். தவிர்க்கவே முடியாத மரணப் படுக்கை என்றால்கூட, டிக்கெட் எடுக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் மாகாணத்தின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் ஒன்ராறியோவை முதலில் கேட்கலாம். காசு வாங்கி ஆலோசனை சொல்பவர் உரிமம் பெற்ற வழக்கறிஞராகவோ பாராலீகலாகவோ (உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்), அல்லது குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் (படிக்கும் கல்லூரி இல்லை, ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவானவராகவோ இருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள். தமிழ்க் கடையின் பின்னால் மேசை போட்டிருப்பவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் பிழையாக நிரப்பிய படிவத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இந்த ஆபத்து குடியுரிமை பெற்றவுடன் நீங்கும். அதற்கு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். தேவைப்பட்ட ஆண்டுகளுக்கு வரிக் கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ ஓரளவு கதைத்துக் காட்டி, ஒரு பரீட்சையும் எழுத வேண்டும். வந்து இறங்கிய தேதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கனடாவை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பயணத்தின் தேதிகளையும், எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்கு ஒரு நாள் போய்வந்தாலும், அதே கொப்பியில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் அவை அத்தனையும் கேட்பார்கள்.